குப்பை என்று ஏற்றப்படும் புளியமரம்

ஊத்துக்கோட்டை ஆற்றுப் பாலத்தில் லாரி ஒன்று குறுக்கே நிற்கிறது. எங்கள் ஷேர் ஆட்டோ நகரவில்லை. இறங்கிக் கரைக்குப் போகிறேன். ஜேசிபி ஒன்று ஆற்றுக்குள்ளிருந்து புளியமரம் ஒன்றை வேரோடு இழுக்கிறது. வேரிடுக்கிலிருந்து கெளுத்திக் குஞ்சுகள் சேற்றில் விழுந்து துடிக்கின்றன.

பக்கத்தில், வேலை முடிந்து வந்த கம்பெனிச் சட்டையோடு ஊர்ப் பெண் ஒருவர் தூண்டிலைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். பெயர் ஸ்டெல்லாவாம். இந்த மரம் எப்படி ஆற்றுக்குள் வந்தது என்று கேட்கிறேன்.

“புயல்ல சாஞ்ச மரம் சார். நாங்கதான் தெருவே சேந்து உருட்டியாந்து உள்ள போட்டு கட்னோம். அதுக்கு முன்னாடி வெறும் மணலு, ஒரு மீனு நிக்காது. மரத்த சுத்திக்கினு தண்ணி பள்ளம் பறிச்சிது. வெயில் காலத்துலயும் விராலு அங்கயே தங்கிச்சி. இப்ப குப்பைன்னு வாரிக்கினு போறாங்க.”

“நீங்க சொல்லலையா?”

“சொன்னோம். ஆத்த அழகு பண்றாங்களாம்.”

அந்த அழகு கரையிலேயே தயாராகிக்கொண்டிருக்கிறது. பூங்காவில் உட்காருவதற்காகச் சிமெண்டில் ஓர் அடிமரம் செய்து, பட்டையும் வேருமாகக் கீறி, ஒருவர் கவனமாகப் பிரவுன் பெயின்ட் அடிக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நிஜ மரத்தை மீனோடு பிடுங்கி எறிந்துவிட்டுப் பொய் மரத்துக்கு வேர் வரைகிற புத்தியை என்னவென்று சொல்வது? அதன் பக்கத்தில் வாயைப் பிளந்தபடி ஒரு சிமெண்ட் மீன், குப்பை போடுவதற்கு.

மரம் லாரியில் ஏறுகிறது. ஸ்டெல்லா தூண்டிலுக்காகப் பிசைந்து வைத்திருந்த மாவு உருண்டையை எடுத்து அந்தச் சிமெண்ட் மீனின் வாயில் போடுகிறார்.

“இனிமே இத்துக்குத்தான் சார் தீனி.”