கல்சுவரில் முளைத்த பனிப்பிளப்பான்

எங்கள் ஜப்பானிய மலைக்கிராமம் கமிதானியில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர் இவாவோ மாமா. ஆளைப் பார்த்தால் பஸ்ஸை ஓட்டுகிறவர் மாதிரி இருக்காது, பஸ்ஸைத் தூக்கி ஓரமாக வைக்கிறவர் மாதிரி இருக்கும். அந்தக் கைகளால்தான் அவர் ஒரு மெல்லிய குச்சியின் நுனியில் பஞ்சு சுற்றி, சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய பூ ஒன்றின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவில் தடவுவார். தடவி முடிக்கும்வரை மூச்சு விடமாட்டார். முடிந்ததும் விடுகிற மூச்சில் பக்கத்துத் தொட்டியின் இலை ஆடும்.

பூவின் பெயர் யுகிவாரிசோ. பனியைப் பிளந்து வருவது என்று பொருள். பனிப்பிளப்பான் என்றே எழுதிக்கொண்டு போகிறேன். மலைச்சரிவில் பனி உருகி ஈரம் தெரிகிற இடத்திலெல்லாம் தானாக வரும். ஆனால் எங்கள் பக்கத்தில் அதைத் தொட்டியில் வளர்த்து, இதோடு அதைச் சேர்த்து, புது நிறம் புது வடிவம் எடுக்கிறவர்கள் நிறையப் பேர். மார்ச் மாதம் டவுனில் கண்காட்சி நடக்கும். அங்கே பெயர் வாங்கிய பூவுக்குத்தான் மரியாதை. பெயர் வாங்காததெல்லாம் வெறும் நாற்று.

மாமா வீட்டு முற்றத்துப் பலகைத் தட்டில் தொட்டிகள் பஸ் இருக்கைகள் மாதிரி வரிசையாக இருக்கும். பெயரில்லாத நாற்றுகளுக்கு அவர் தன் பஸ்ஸில் வரும் பிள்ளைகளின் பட்டப்பெயரை வைத்துக் கூப்பிடுவார். தட்டின் பின்மூலையில் இருந்த ஒன்று மட்டும் ‘கடைசி சீட்டு’. வெள்ளைப் பூ. ஒவ்வொரு இதழின் ஓரத்திலும் நீலப் பென்சிலால் கோடு இழுத்தது போல ஒரு கரை. பல வருஷம் கலந்து கலந்து எடுத்தது. வடிவம் நிலைக்கிறதா என்று சில வசந்தங்கள் பொறுத்துப் பார்த்தார், நிலைத்தது. அடுத்த மார்ச்சில் கண்காட்சிக்குக் கொண்டுபோவதாக இருந்தார்.

அங்கேதான் தப்பு நடந்தது. நல்ல செடி என்றால் இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் காப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். இவர் பிரிக்கவில்லை. ஒரே தொட்டியில் கொத்தாகப் பூத்து நின்றால்தான் கண்காட்சியில் எடுப்பாக இருக்கும் என்ற ஆசை. ஆகஸ்ட் வெக்கையில் வேர் குழைந்து செடி போய்விட்டது. கவிழ்த்துக் கொட்டிய மண்ணை விரலால் கிளறிப் பார்த்துவிட்டு, “காப்பு வச்சிருக்கணும்டா” என்று மட்டும் சொன்னார். அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் தட்டின் பக்கம் சரியாகப் போகவில்லை. உறைகாற்று படாமலிருக்க மற்ற தொட்டிகளுக்கு நான்தான் பனியை அள்ளிப் போர்த்தினேன்.

மார்ச் கடைசியில் ஒருநாள் முள்ளங்கி ஊறுகாய் வாங்க ஃபுமியே அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா வீட்டுக்கு அடுத்த வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் அக்காவின் கல்சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் அவருடைய ஊறுகாய்க் கொட்டகை. மாமாவின் தகரக் கூரை இந்தப் பக்கமாகச் சரிந்திருக்கும். குளிர்காலத்தில் கூரைப் பனி மொத்தமாக வழுக்கிக் கொட்டகை வாசலில் வந்து விழும். இதனால் இரண்டு பேருக்கும் பத்து வருஷமாகப் பேச்சு சரியில்லை.

அக்கா ஊறுகாய்த் தொட்டியிலிருந்து முள்ளங்கியை எடுக்கும் நேரத்தில் நான் சுவரைப் பார்த்தேன். கல் இடுக்கில் வெள்ளையாக ஒன்று. குனிந்தேன். நீலக் கரை.

“அக்கா, இத நீங்க நட்டீங்களா?”

“நான் ஏன் நடறேன்? எனக்கு முள்ளங்கி நடவே நேரமில்ல. களைன்னு பிடுங்கப் போனேன், பாவமா இருந்துச்சு, விட்டுட்டேன்.”

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். படித்தது தாவரவியல். அதனால் எனக்கு உடனே பிடிபட்டது. இந்த விதையின் ஒரு நுனியில் வெள்ளையாகச் சின்னச் சதை இருக்கும். எறும்பு அதற்காகவே விதையை இழுத்துக்கொண்டு போகும், சதையைத் தின்றுவிட்டு விதையைப் போட்டுவிடும். வளர்ப்பவர்கள் காய் முற்றும்போது தேயிலை போடுகிற மெல்லிய பையைக் கட்டி மூடிவிடுவார்கள். சில வருஷத்துக்கு முன் நடவு சமயத்தில் மாமா முதுகு பிடித்துப் படுத்தபோது பை கட்ட ஆளில்லாமல் போனது என் நினைவுக்கு வந்தது.

ஓடிப்போய்ச் சொன்னேன். மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பிடும் குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் வைத்தார்.

“நெசமாத்தான் சொல்றியா?”

“வந்து பாருங்க மாமா.”

“அவ வீட்டுக்கா?”

கேட்டாரே தவிர, அதற்குள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

சுவருக்கு முன்னால் அவர் மண்டியிட்டு உட்கார்ந்ததை அக்கா கொட்டகை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன பஸ்காரரே, வழி தவறி வந்துட்டீங்களா?”

“இது என் பூவு ஃபுமியே. என் தொட்டியிலேருந்து வந்தது.”

“அப்படியா? வருஷா வருஷம் உங்க கூரையிலேருந்து வந்து விழுற பனியும் உங்களுதுதானே. அத என்னைக்காவது எடுத்துட்டுப் போயிருக்கீங்களா?”

மாமா தன் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். நான் ஊறுகாய்ப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“என் சுவத்துல இருக்கறது என்னோடது. பாக்கணும்னா பாத்துட்டுப் போங்க. தோண்டற வேலையெல்லாம் வேணாம்.”

தோண்ட அவருக்கும் மனமில்லை. வேர் கல்லுக்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறதோ, இழுத்தால் அறுந்துவிடும். அன்றிலிருந்து பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்ததும் நேராகச் சுவரடிக்குத்தான். விதை பிடிக்கட்டும் என்று, பஞ்சுக் குச்சியோடு போய் அதே செடியின் மகரந்தத்தை அதற்கே தடவினார். அக்கா ஒருநாள் என்னிடம் சொன்னார்: “தம்பி, சாமி கும்பிடறவங்ககூட இவ்வளவு நேரம் உக்கார மாட்டாங்க. போற வர்றவங்க என் வீட்ல யாரோ செத்துட்டாங்கன்னு நெனைக்கிறாங்க.”

ஏப்ரல் முதல் வாரம் மறுபடி பனி கொட்டும் என்று வானொலியில் சொன்னார்கள். வசந்தத்துப் பனி ஈரமாக இருக்கும், கனம் அதிகம். கூரையிலிருந்து சரிந்தால் நேரே அந்தச் சுவரின் மேல்தான். மறுநாள் காலை மாமா வீட்டில் சுத்தியல் சத்தம். பார்த்தால் ஏணி போட்டுக் கூரை விளிம்பில் பனித்தடுப்புக் கம்பி அடித்துக்கொண்டிருக்கிறார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று ஒரு பக்கம் பார்க்கிறார், ஆணியை ஒரு பக்கம் பார்க்கிறார்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து நின்றார். ஏணியை மேலும் கீழும் பார்த்தார்.

“பத்து வருஷமா நான் சொன்னப்ப உங்க வீட்ல ஏணியே இல்லாம இருந்துச்சு.”

“இப்ப வாங்கினேன்” என்றார் மாமா, வாயில் ஆணியோடு.

“புளுகாதீங்க. அதுல துருப் பிடிச்சிருக்கு.”

பனி பெய்தது. கூரையிலேயே நின்று, மெல்ல உருகிச் சொட்டியது. பூ தப்பித்தது. ஊறுகாய்க் கொட்டகையின் கதவும் அந்த முறை சுலபமாகத் திறந்தது. அன்று சாயங்காலம் அக்காவே கூப்பிட்டு, “காய்க்குப் பை கட்டணும்னா கட்டிக்கோங்க. ஆனா செடி என்னோடது” என்றார். மாமா பையை முடிச்சுப் போட்ட பிறகும் எழுந்திருக்காமல் மண்டியிட்டபடியே இருந்தார். முதுகுவலி என்று சொல்லிக்கொண்டார்.

மே மாதம். இந்த விதை பச்சையாக இருக்கும்போதே முற்றிவிடும், அப்போதே விதைத்துவிட வேண்டும், உலரவிட்டால் வீண். ஒரு காலை மாமா பஸ்ஸை மலைத்திருப்பத்து நிறுத்தத்தில் நிறுத்தினால், பிள்ளைகளோடு பிள்ளையாக ஃபுமியே அக்காவும் நிற்கிறார். அன்று டவுனுக்குப் போக நானும் அந்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டிருந்தேன். அக்கா ஈரக் காகிதப் பொட்டலம் ஒன்றை ஜன்னல் வழியாக நீட்டினார்.

“ராத்திரியே வெதை பைக்குள்ள கொட்டிருச்சு. நான் பாக்கறதுக்குள்ள நீங்க பஸ்ஸுக்குக் கிளம்பிட்டீங்க. பாதி இதுல இருக்கு.”

“மீதி?”

“வெதைச்சாச்சு. நானும் ஒரு தட்டு வைக்கப் போறேன். ஏன், உங்களுக்கு மட்டுந்தான் வருமா?”

“எந்த மண்ணுல போட்ட?”

“தோட்டத்து மண்ணுலதான். மண்ணுன்னா மண்ணு.”

மாமாவின் முகம் மாறியது. பின்னால் ஒரு பையன் “மாமா, மணி அடிச்சிருவாங்க” என்று கத்தினான். வேறு வழியில்லாமல் கியரைப் போட்டார். பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை, “முள்ளங்கி மண்ணுல போட்டிருக்கா… அழுகிப்போயிரும்… சொன்னாலும் கேக்க மாட்டா” என்று தனக்குள் பேசிக்கொண்டே ஓட்டினார். பொட்டலம் அவர் சட்டைப் பையில் இருந்தது. எந்தப் பள்ளத்திலும் பஸ் குலுங்கவில்லை.

சாயங்காலம் நான் திரும்பியபோது மாமா வீட்டுத் தட்டில் புதுத் தொட்டி ஒன்று நனைந்து நின்றது. ஆளைக் காணோம். தண்ணீர் தேங்காமலிருக்க அவர் நாற்றுக்குப் போடுகிற நுரைக்கல் மண் மூட்டை வழக்கமாக இருக்கும் இடமும் காலி. கல்சுவர்ப் பக்கம் குரல் கேட்டது.

“ஒவ்வொன்னாத் திரும்ப எடுக்கணும் ஃபுமியே. வேற வழி இல்ல.”

“பச்சை வெதைய மண்ணுக்குள்ள எங்கன்னு தேடறது? பைத்தியமா உங்களுக்கு?”

“எனக்கு நீ பாதி குடுத்தல்ல. உன் பாதியும் பொழைக்கணும்ல.”

எட்டிப் பார்த்தேன். மூட்டை பிரித்துக் கிடந்தது. மாமா ஊறுகாய்க் கொட்டகை வாசலில் குந்தியிருந்து சாமணத்தால் மண்ணைத் துளித்துளியாக விலக்கிக்கொண்டிருந்தார். மூச்சு விடவில்லை. அக்கா இடுப்பில் கை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இன்னொரு சாமணம் இருக்கா?” என்று கேட்டார். மாமா சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

“இருங்க, கண்ணாடிய எடுத்துட்டு வர்றேன்” என்று அக்கா உள்ளே போனார்.