நாற்பத்திரண்டாம் நம்பர் வெக்காலி

காட்டைக் காப்பாற்றுவது எப்படி என்று நான் எம்.எஸ்ஸி. படித்தது, காட்டை வெட்டி பஸ் ஓட்டிய காலத்தில். உலக யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்கவில்லை. தருமபுரிப் பக்கத்து பஸ்களின் பின்னால் ஓர் இரும்பு டிரம்மைக் கட்டி, அதில் கரியை மூட்டி, வரும் புகையில் ஓட்டினார்கள். ஓட்டினார்கள் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. மேடு வந்தால் டிக்கெட் வாங்கிய நாங்கள்தான் இறங்கித் தள்ளுவோம்.

என் பேராசிரியருக்கு உலகத்தில் ஒரே எதிரி ஆடு. காடு அழிவதற்கு ஆடுதான் காரணம் என்று பட்டணத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தபடியே கண்டுபிடித்திருந்தார். அதை நிரூபிக்கும் சில்லறை வேலை எனக்கு. வத்தல்மலைச் சரிவில் ஒரு துண்டுக் காட்டை ஒதுக்கிக் கொடுத்தார்கள். பாதிக்கு முள்வேலி போட்டு ஆட்டைத் தடுக்க வேண்டும், மறுபாதியில் ஆடு மேயலாம். மரங்களில் நம்பர் பொறித்த தகரவில்லைகளை அடித்துவிட்டு, ஒரு வருஷம் கழித்து வந்து எந்தப் பாதி தழைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த ஒப்பீடு இருந்தால் பட்டம். இல்லையென்றால் மாரண்டஹள்ளியில் அப்பாவின் கத்தரித் தோட்டம் எனக்காகக் காத்திருந்தது.

வேலி போட்ட பாதி, அங்கே ஆடு வளர்த்த ஓர் அம்மாவின் வீட்டை ஒட்டியிருந்தது.

“ஒரு வருசமாங்க? ஆட்ட எந்நேரமும் அந்தக் கோடிக்கு ஓட்டிட்டுப் போவணுங்களே” என்றார்.

“காடு வளர்ந்தா உங்களுக்குத்தாங்க நல்லது” என்றேன், புத்தகம் படித்தவனுக்கே வரும் தெளிவோடு. அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார். சொன்ன சொல்லைக் கடைசிவரை காப்பாற்றினார்.

மறு வருஷம் பங்குனி வெயிலில் மீண்டும் போனேன். அடிவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் இருமிவிட்டு நின்றது. கண்டக்டர் டிரம்மின் அடிக்கதவைத் திறந்து சாம்பலைக் கிளறினார். கரிக்கட்டியோடு ஒரு தகரவில்லை வந்து விழுந்தது.

“கரி மூட்டையில இப்ப இந்த எழவுதாங்க வருது. அடைச்சிக்குது” என்று சலித்துக்கொண்டார்.

கை சுடச்சுட எடுத்துப் பார்த்தேன். நாற்பத்திரண்டு. அந்த மரத்தை எனக்கு நன்றாகத் தெரியும். வேலிக்குள் இருந்த வெக்காலி. என் ஆராய்ச்சியைப் பார்க்க, என் ஆராய்ச்சியையே எரித்துக்கொண்டு வந்திருக்கிறேன். மீதி மலையை எப்படி ஏறினேன் என்று நினைவில்லை.

இரண்டு பாதியும் மொட்டை. அடிக்கட்டைகள் மட்டும் நின்றன. காட்டிலாகா கார்டு நிழல் தேடி ஒரு பாறை ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

“நாட்டுப் பாதுகாப்புக்குக் கரி வேணும்னு ஆர்டருங்க சார். உங்களுக்குச் சொல்லலீங்களா?”

நான் படித்தது காட்டுப் பாதுகாப்பு. மேலிடத்தில் ஓர் எழுத்தைத் திருத்திக்கொண்டார்கள் போலிருக்கிறது.

வேலி மட்டும் அப்படியே இருந்தது. ஒரு மூலையைப் பிரித்து மரத்தையெல்லாம் வெட்டிக் கொண்டுபோனவர்கள், ஒழுங்காக மூடிவிட்டும் போயிருந்தார்கள். பிரமாதமான பொறுப்புணர்ச்சி. ஆடு புகுந்துவிடக் கூடாதல்லவா?

ஒரு வருஷ உழைப்பின் முடிவை நின்ற இடத்திலேயே மனத்துக்குள் எழுதினேன்: ஆடு மேய்ந்த பாதிக்கும் மேயாத பாதிக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. இதைப் பேராசிரியரிடம் கொடுத்துப் பட்டம் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதும் தெரிந்துவிட்டது.

அந்த அம்மா ஆடுகளோடு வேலிக்கு வெளியே நின்றிருந்தார்.

“வருசம் முடிஞ்சிதுங்களா? இப்ப ஆட்ட வுடலாங்களா?”

“வுடக் கூடாது சார், இது பாதுகாப்புல இருக்கற எடம்” என்றார் கார்டு, எழுந்திருக்காமலேயே.

நான் முள்ளை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் போட்டேன். உள்ளங்கை கிழிந்தது. ஆடுகள் ஓடிப்போய், கட்டைக்குக் கட்டை மோந்து பார்த்துவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்துவிட்டன.

“பாத்துக்கிட்டீங்களா? என் ஆடு ஒண்ணும் பண்ணல. அத எழுதிக்குங்க” என்று சொல்லிவிட்டு, அவர் மறுபடியும் அந்தக் கோடிக்கே ஓட்டிக்கொண்டு போனார்.