மெஷினுக்கு விட்ட முறை

மெட்டுகுடாவில் ரயில்வே ஊழியர்களின் கிளப்பான ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் ஞாயிறு மதியம் விளக்கு, மின்விசிறிகளைப் பார்த்துக்கொள்வது அப்போது என் வேலை. காலியான ஹாலில் ஒருவர் சாக்ஸபோன் வாசிக்க வருவார். ஒல்லியான மனிதர், இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. அவருடைய ஜாஸ் குழுவில் இருந்தவர்கள் எல்லாரும் ஆஸ்திரேலியா போய்விட்டார்கள். டிரம் அடிக்க ஆளில்லாததால் ஒரு தாள மெஷினை வைத்துக்கொண்டிருந்தார். லண்டனில் இப்போது ஹவுஸ் மியூசிக் என்று இந்த மெஷின் தாளத்துக்குத்தான் ஆடுகிறார்களாம்.

கொஞ்சம் வாசிப்பார். பிறகு சாக்ஸபோனை இறக்கி, மெஷினைப் பார்த்துத் தலையசைப்பார். அது பழைய டும் டும்மையே அடிக்கும். கேட்டுவிட்டு மறுபடி வாசிப்பார்.

ஒருநாள் கேட்டுவிட்டேன். "ஏன் சார் நடுவுல நிறுத்துறீங்க?"

"நான் வாசிச்சுக் கேள்வி கேட்டாச்சு மேன், டிரம்காரன் பதில் சொல்லணும். அதான் ஜாஸ்."

"இது மெஷினாச்சே சார்."

"ஹவ், ஆமா மேன். ஒரே பதில்தான் சொல்றான். நீ வா. நான் நிறுத்தினா மெஷின்ல இந்தப் பட்டனைத் தட்டு, ஒரு அடி விழும்."

"ஐயோ, எனக்குத் தாளமெல்லாம் தெரியாது சார்."

"தப்பாத் தட்டு மேன். அது போதும்."

பட்டன்மேல் விரலை வைத்தேன். அவர் வாசித்து நிறுத்தி, என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கூச்சத்தில் என் விரல் அசையவில்லை. மெஷின் மட்டும் அடித்தது. மூன்று தடவை எனக்காக நிறுத்தினார். கோபிக்கவில்லை. பிறகு மெஷின் பக்கமே திரும்பிக்கொண்டார். அதற்கப்புறம் என்னைக் கூப்பிடவே இல்லை.

இப்போதும் வீட்டில் யாரும் இல்லாதபோது மேஜையை ஒரு தட்டு தட்டுகிறேன். தப்பாகத்தான் இருக்கும்.