ஏழாம் அறையில் ஏறிய எண்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாராவது பேய்க்கதையை எடுத்தாலே எழுந்து போகிறவன் நான். கஹவத்தைப் பக்கம் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தும் முனிக்குப் பயப்படாதவன், படித்தது எஞ்சினியரிங், செய்வது கட்டடங்களைக் குளிராக்கும் வேலை, எதற்கும் ஓர் அளவும் காரணமும் வேண்டும் எனக்கு. அதனால் நீங்கள் சிரித்தாலும் கோபப்பட மாட்டேன். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

கலவான டவுனுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பழைய துரை பங்களாவை ஹோட்டலாக மாற்றினார்கள். அதற்கு நான் சில்ட் பீம் போட்டேன். கூரையோடு ஒட்டிய நீளமான பெட்டிகள், உள்ளே குளிர்ந்த தண்ணீர் ஓடும் குழாய்கள், சூடான காற்று மேலே போய்க் குளிர்ந்து தானாக இறங்கும், அவ்வளவுதான். ஏசி மாதிரி முகத்தில் அடிக்காது. மூச்சுவிட வெளிக்காற்றைத் தனிக் குழாயில், ஈரத்தை எடுத்துவிட்டு அளவாக அனுப்ப வேண்டும், இல்லையென்றால் அங்குள்ள மழைக்குக் கூரையே சொட்டும்.

என் மனைவி மலருக்கு இழுப்பு. ஏசிக் காற்று பட்டால் போதும், நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கிவிடும். நான் இந்த முறைக்குப் பிடிவாதமாக நின்றது அவளுக்காகத்தான், யாரிடமும் சொன்னதில்லை. வேலை பாதியில் இருக்கும்போது ஒரு தடவை கூட்டிப்போனேன். ஏழாம் அறையில் நின்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இந்தக் காம்பராவுல படுத்தா எனக்கு இழுப்பு வராதுல்ல?"

"வராது. வேல முடிஞ்சதும் மொத ஆளா நீதான் இங்க தூங்கப்போற."

வேலை முடிய இரண்டு மாதம் இருக்கும்போது மலர் இறந்துபோனாள். நான் சைட்டில் இருந்தேன், அவள் வீட்டில் தனியாக மூச்சுக்குத் தவித்திருக்கிறாள்.

ஒப்படைப்பதற்கு முந்தின நாள், நல்ல வெயில், காலை பத்து மணி. ஒவ்வோர் அறையிலும் ஒரு சென்சர் உண்டு, ஆள் விடும் மூச்சை அளந்து அதற்கேற்றபடி காற்றைக் கூட்டும் குறைக்கும். எல்லா அறையும் காலி, கண்ட்ரோல் ரூம் திரையில் எண்கள் அசையாமல் கிடந்தன. ஏழில் மட்டும் ஓர் ஆள் இருப்பதாகக் காட்டியது.

கலவானக்காரர் ரிஸ்வான்தான் என் டெக்னீசியன். "சேர், அந்த ரூம நான்தான் பூட்டினேன். இந்தா சாவி" என்றார்.

இருவரும் போய்த் திறந்து பார்த்தோம். விரிப்புப் போட்ட கட்டில், சாத்திய ஜன்னல், வேறொன்றும் இல்லை. பூட்டிவிட்டுத் திரும்பி வந்தோம்.

"சென்சர் பழுதாயிருக்கும் சேர், மாத்துவோம்."

"இருங்க, காத்த நிப்பாட்டிப் பார்ப்போம்."

எங்கள் தொழிலில் அதுதான் வழக்கம். வெளிக்காற்றை நிறுத்தினால் பழுதான சென்சரின் எண் அங்கேயே நிற்கும், உண்மையிலேயே யாராவது மூச்சு விட்டால் ஏறும். ஒரு பட்டனை அமுக்கினேன், ஏழாம் அறைக்குக் காற்று நின்றது.

நம்பினால் நம்புங்கள், எண் ஏறியது. சீராக ஏறவில்லை, கொஞ்சம் ஏறும், நிற்கும், வெடுக்கென்று மறுபடி ஏறும், எட்டு வருடம் பக்கத்தில் படுத்து இரவெல்லாம் கேட்ட இழுப்பு அப்படியே திரையில் தெரிந்தது. நான் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன், பாவி, கை நீட்டிக் காற்றைத் திறக்கத் தோன்றவில்லை. பிறகு எண் ஏறாமல் நின்றது. மூச்சு நின்றுவிட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

காற்றைத் திறந்துவிட்டு ஓடினேன். ரிஸ்வான் கதவைத் திறக்கும் முன்பே "மலரு, மலரு" என்று கத்தியிருக்கிறேன், எனக்கு நினைவில்லை, அவர்தான் பிறகு சொன்னார். உள்ளே யாரும் இல்லை. விரிப்பில் ஒரு சுருக்கமும் இல்லை. திரும்பி வந்து பார்த்தால் எண் மற்ற அறைகளைப் போலவே இறங்கிக் கிடந்தது, சாயந்தரம் வரை காத்திருந்தும் ஏறவில்லை.

சென்சரை மாற்ற நான் விடவில்லை. சர்விஸுக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன், அறையைத் துடைக்கும் அக்கா உள்ளே போனால் எண் ஏறுகிறது, அவர் வெளியே வந்தால் இறங்குகிறது, ஒருநாள்கூடப் பிழை காட்டியதில்லை. அது பழுது என்று யாராவது காட்டித் தந்தால் கையெடுத்துக் கும்பிடுவேன். பழுதில்லையென்றால், அன்றைக்கு அவளுக்குக் காற்றை நிறுத்தியது நான்.