அட்ராக்டா வீட்டு வாசலில் சவ வண்டி

"உருளைக்கிழங்குதாங்க உள்ள இருந்தது. ஆளெல்லாம் இல்ல. நானே என் கையால மூட்டையை வச்சு மூடியைப் போட்டேன், எனக்குத் தெரியாதா?"

நீங்கள் கேட்கவில்லைதான். ஆனால் அட்ராக்டா கில்கேனனைப் பற்றிப் பேச்செடுத்தாலே என் வாயில் முதலில் இதுதான் வரும். அன்றைக்கு அவள் வீட்டு முன்னறையில் வைத்திருந்த பெட்டிக்குள் பிணம் இல்லை. இதை இன்னும் நம்பாத ஆட்கள் எங்கள் கிளூன்மோர் ஊரில் இருக்கிறார்கள்.

நான் இந்த ஊரில் சவ வண்டி ஓட்டினவன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். மடியில் பச்சைக் குழந்தையாய் என் பேத்தி தூங்குகிறாள், அதனால் ஒரு கையால்தான் எழுதுகிறேன். அவள் மூக்கு என் மூக்கு என்று நான் சொல்கிறேன். "பாவம் அந்தப் புள்ள"ன்னு அவளைப் பெற்ற என் மகள் ஓர்லா சொல்கிறாள்.

அட்ராக்டாவுக்கு எதிர் வீடு எங்கள் வீடு. நடுவில் ஒரு கல் சுவரும் ஒரு சந்தும். அவள் அப்பாவைக் கடல் கொண்டுபோனது. அம்மா நெஞ்சு நோயில் போனாள். அப்போது அட்ராக்டாவுக்கு இரட்டைச் சடை போடுகிற வயசு. தங்கை டிம்ப்னா, தம்பி மாலக்கி, இரண்டு பேரையும் அவள்தான் வளர்த்தாள். ஒரே சைக்கிளில் மூன்று பேரும் பூசைக்கு வருவார்கள். அட்ராக்டா மிதிப்பாள், பின்னால் டிம்ப்னா, முன் கம்பியில் மாலக்கி. இறக்கத்தில் வரும்போது மூன்று பேரும் ஒன்றாகக் கத்துவார்கள். அந்தச் சத்தம் கேட்டுத்தான் சாமியார் பூசையைத் தொடங்குவார் என்று ஊரில் கேலி பேசுவோம்.

பெரியவர் என்று வீட்டில் இருந்தது தாய்மாமன் பாட்சி. கோயிலில் முன் பெஞ்சு அவருக்கு. திரு இருதய சபைக்கு அவர்தான் தலைவர். தேர்ப் பவனியில் குடை பிடிப்பவரும் அவர்தான். வீட்டிலோ, போட்ட தேயிலையை வெயிலில் காயவைத்து மறுபடியும் போடச் சொல்லும் மனுஷன். சாயங்காலம் ஆனால் கரண்டு செலவாகும் என்று இருட்டில் உட்கார்ந்திருப்பார். டிவி வாங்கவே விடவில்லை. அதனால் ஞாயிறு ராத்திரி மூன்று பேரும் சுவர் ஏறிக் குதித்து எங்கள் வீட்டுக்கு வருவார்கள். கொலைத் தொடர் போடுவார்கள் அப்போது. எங்கள் சோபாவில் ஒட்டி உட்கார்ந்து பார்ப்பார்கள்.

"இவன்தான் செஞ்சான்" என்பான் மாலக்கி.

"நீ போன வாரமும் அதான் சொன்ன. அவன் அந்த வாரமே செத்துட்டான்" என்பாள் டிம்ப்னா.

அட்ராக்டா வாயைத் திறக்க மாட்டாள். அவளுக்குத் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும், சொல்ல மாட்டாள். அவளிடம் எதையாவது கொடுத்துப் "பத்திரம்" என்றால் அது கல்லறைக்குப் போன மாதிரி. அவளுடைய நல்ல குணமும் அதுதான். அவளைப் படுத்தி எடுத்ததும் அதுதான்.

பலினா ஊரிலிருந்து ஒருத்தன் அவளைப் பெண் கேட்டு வந்தான். கதிரடிக்கிற மெஷின் சொந்தமாக வைத்திருந்தான், நல்ல பையன். பாட்சி அவனிடம் இவளைப் பற்றி என்னென்னவோ சொல்லி அனுப்பிவிட்டார். அது தெரிந்த அன்று காலையில் முற்றத்தில் நின்று, தெருவே கேட்க அவள் கத்தினாள்: "ஒரு நாள் உன்னை நானே புதைக்கிறேன் பாரு!"

அன்று மத்தியானமே பாட்சி மாடிப்படிக்குக் கீழே செத்துக் கிடந்தார்.

வீட்டில் இருந்தது அட்ராக்டா மட்டும். போலீஸ் சார்ஜென்ட் வந்தார், டீ குடித்தார், மாலக்கியையும் டிம்ப்னாவையும் தனித்தனியாகக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு, "வழுக்கி விழுந்துட்டாரு, அவ்வளவுதான்" என்று போய்விட்டார். ஊர் அப்படி விடுமா? இழவு வீட்டு வரிசையில் அவள் கையைப் பிடிக்கும்போது ஒவ்வொருத்தர் கண்ணும் அந்தப் படிக்கட்டைத்தான் பார்த்தது.

அடக்கம் முடிந்த கையோடு மாலக்கி டப்ளின் பஸ் ஏறினான். அங்கேயே பஸ் ஓட்டும் வேலையில் சேர்ந்துவிட்டான். அதன் பிறகு அந்த வாசலை மிதிக்கவே இல்லை. கிறிஸ்துமஸுக்குப் போன் செய்வான். மழையைப் பற்றிப் பேசுவான், வைத்துவிடுவான்.

மாமா வீட்டை அட்ராக்டா பேருக்கு எழுதி வைத்திருந்தார். அந்தக் கோபம்தான் தம்பிக்கு என்று இவள் நினைத்தாள். "பாதி வீட்டை எடுத்துக்கோ"ன்னு சொல்லிப் பார்த்தாள். "வேணாம்"னு சொல்லிவிட்டான். முதியோர் இல்லத்தில் துணி துவைக்கும் வேலைக்குப் போனாள். ஊரில் யார் செத்தாலும் அந்த வீட்டு அடுக்களையில் டீ போடுவாள். என் வண்டி எங்கே நிற்கிறதோ அங்கே அவள் கெட்டிலும் கொதிக்கும். ஒருமுறை பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "கொலம், எனக்கு வேற எதுவும் வேணாம். அவன் ஒரு தடவை உள்ள வந்து, இந்த மேசையில உக்காந்து, டீ ஆறிப்போச்சுன்னு என்னைத் திட்டணும். அவ்வளவுதான்."

வருஷங்கள் போயின. எங்களுக்கெல்லாம் முடி நரைத்தது. அப்போதுதான் டிவிக்காரர்கள் வந்தார்கள்.

அவர்கள் எடுக்க வந்த நாடகத்தில், ஒரு குடும்பத்தில் மூத்தவள் செத்துவிடுவாளாம். கூடப்பிறந்த நாலு பேரும், யார் கொன்றது என்று ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டுக்கொண்டே பிணத்துப் பக்கத்தில் சாண்ட்விச் சாப்பிடுவார்களாம். கேட்டால் சிரிப்பு நாடகம் என்கிறார்கள். இழவு வீட்டுக் காட்சிக்கு அட்ராக்டா வீடு பிடித்துப்போனது. கதை வெளியே தெரியக் கூடாது, யாரிடமும் சொல்லாதீர்கள் என்றார்கள். இவளிடம் போய் அதைச் சொன்னார்கள். ஸ்லைகோவில் பார்லர் வைத்திருக்கும் தங்கைக்குக்கூட இவள் சொல்லவில்லை.

குறித்த நாளில் திரையை இழுத்து மூடினார்கள். கதவில் கறுப்புக் கரை போட்ட அட்டையைக் குத்தினார்கள். ஜன்னலில் மெழுகுவர்த்தி வைத்தார்கள். சத்தம் வரக் கூடாது என்று போன் ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள். தூக்கும்போது கனமாகத் தெரியட்டும் என்று பெட்டிக்குள் அட்ராக்டா தோட்டத்துக் கிழங்கு. என்னை வண்டியில் உட்கார்ந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அது எனக்குப் பழக்கம்.

தபால்காரன் அந்த வழியாகப் போனான். என் வண்டியைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், சிலுவை போட்டுக்கொண்டான். நேரே கடைக்குப் போய்ச் சொல்லிவிட்டான்.

எங்கள் ஊரில் இழவு வீட்டுக்கு அழைப்பு கிடையாது. வாசலில் வண்டி நின்றால் போக வேண்டும், கையைப் பிடிக்க வேண்டும், ஏதாவது தின்னக் கொண்டுபோக வேண்டும். செத்தது யார் என்று உள்ளே போன பிறகு தெரிந்துகொண்டால் போதும். கொஞ்ச நேரத்தில் தட்டுத்தட்டாக முட்டை சாண்ட்விச் வர ஆரம்பித்துவிட்டது. நான் கண்ணாடியை இறக்கி, "இது நடிப்புங்க, நாடகம்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"பாவம், கொலமுக்கு அதிர்ச்சியில புத்தி பிசகிடுச்சு" என்று என் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனார்கள்.

நானும் பின்னாலேயே ஓடினேன். பெட்டிக்குப் பக்கத்தில் நாலு நடிகர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து, "மனசைத் தேத்திக்கோங்க" என்று நகர்ந்தார்கள். வந்தவர்களும் நடிக்க வந்தவர்கள் என்று நினைத்து நடிகர்கள் குலுங்கிக் குலுங்கி அழுதார்கள். டைரக்டருக்குக் கொண்டாட்டம். கேமராவை நிறுத்தாதே என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

கண் மங்கின கன்செப்டா ஃபீனி ஒரு நடிகையின் மோவாயைப் பிடித்துத் தூக்கினாள். "யாரு, டிம்ப்னாவா? என்னடி தலையை இப்படிக் கருக்கி வச்சிருக்க? பார்லர் வச்சிருக்கவ தலையா இது?"

"அக்கா போயிட்டாளே!" என்று அந்தப் பெண் தன் வசனத்தை விட்டுவிட்டுக் கதறினாள்.

கன்செப்டா மண்டி போட்டுச் செபமாலை தொடங்கிவிட்டாள். தொடங்கினால் யார் நிறுத்துவது? கேமராக்காரனே ஒரு கையால் சிலுவை போட்டான். பின்கட்டில் அட்ராக்டா ரொட்டி வெட்டிக்கொண்டே, "இத்தனை பேரைக் கூட்டியாருவாங்கன்னு சொல்லவே இல்லையே" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

இதற்குள் அட்ராக்டா செத்துவிட்டாள் என்ற சேதி ஸ்லைகோ வரை போய், பார்லரில் ஒரு பெண், தலையில் சாயத்தோடு, டிம்ப்னாவின் கையைப் பிடித்து அழுதுவிட்டாள். டிம்ப்னா வீட்டுக்குப் போன் போட்டால் மணியே அடிக்கவில்லை. உடனே மாலக்கிக்குப் போட்டு, "அட்ராக்டா போயிட்டாடா" என்றாள்.

செபமாலை எப்போதோ முடிந்து, ஊர்க்காரர்கள் எல்லாம் டீயோடு உட்கார்ந்து பாட்சி காலத்துக் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். கதவு திறந்தது. மாலக்கி. பஸ் டிரைவர் சட்டையோடு அப்படியே வந்திருந்தான். அவன் பின்னால் டிம்ப்னா, கையெல்லாம் சாயம்.  அவன் யாரையும் பார்க்கவில்லை. நேரே போய்ப் பெட்டி மூடியில் இரண்டு கையையும் வைத்தான்.

"அட்ராக்டா," என்றான். "நீ நிம்மதியாப் போ. பாட்சி மாமாவை நீ என்ன பண்ணியோ, அதை நான் இன்னிக்கு வரைக்கும் ஒரு உயிர்கிட்ட சொல்லல. நீ அன்னிக்கு என்கூட வைக்கோல் வயல்ல இருந்தேன்னு சார்ஜென்ட்கிட்ட அம்மா செபமாலை மேல பொய் சத்தியம் பண்ணேன். ஆனா உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரல. ஒரு நாள் நீயே வாயைத் திறந்து எங்கிட்ட சொல்லிடுவியோன்னு பயந்துதான் வரல. மன்னிச்சுடு."

"நான் அவரை என்னடா பண்ணேன்?" என்று ஒரு குரல். பின்கட்டு வாசலில் அட்ராக்டா. கையில் டீ கெட்டில்.

மாலக்கிக்கு முகம் வெளுத்துவிட்டது. "இயேசு மரியா சூசையே! நீ சாகலையா?"

"எனக்கு நேரமில்ல. நான் மாமாவை என்ன பண்ணேன்?"

"தள்ளிவிடலையா?"

"நானா?"

டிம்ப்னா முன்னால் வந்தாள். "வயல்லன்னாடா சொன்ன? நான் சார்ஜென்ட்கிட்ட அவ என்கூட கோழிக்கூட்டாண்ட முட்டை கழுவுனான்னு சொன்னேனே!"

"ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல நிக்க நான் என்ன புனிதையா?" என்றாள் அட்ராக்டா. கெட்டிலை நீட்டினாள். நான்தான் வாங்கி வைத்தேன்.

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஊரே அங்கே இருந்தது. கன்செப்டா இருந்தாள். கேமராவும் இருந்தது. இத்தனை வருஷம் பூட்டி வைத்ததை இத்தனை பேர் முன்னால் திறப்பதா, இல்லை தம்பியை இப்படியே திரும்ப பஸ் ஏற விடுவதா? அவள் மாலக்கியை மட்டும் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"படிக்கட்டு மேல திரு இருதய ஆண்டவர் படம் இருக்குல்ல, அதுக்கு முன்னாடி சிவப்பு பல்ப் எரியும்ல. கரண்டு போகுதேன்னு அதைக் கழட்டத்தான் மாமா ஏறியிருக்காரு. எட்டிக் கழட்டுனவரு அப்படியே சாய்ஞ்சு விழுந்துட்டாரு. நான் ஓடி வந்து பார்த்தப்ப கையில பல்ப் இருந்துச்சு. விரலைப் பிரிச்சு எடுத்து நான்தான் திரும்ப மாட்டுனேன்."

"அப்புறம் ஏண்டி சொல்லல?" என்று மாலக்கி கத்தினான்.

"எப்படிடா சொல்றது? திரு இருதய சபைத் தலைவரு ஆண்டவர் விளக்கையே அணைக்கப் போய் செத்தாருன்னா நம்ம குடும்பம் கோயில் பக்கம் தலைகாட்ட முடியுமா? கொலைன்னாகூட ஊரு கொஞ்ச நாள்ல மறந்துடும்."

 பிறகு கன்செப்டா ஃபீனி சொன்னாள்: "சபைக் காசுல வாங்குன பல்புதானே அது? கரண்டு மட்டும்தான் அவரோடது." அவ்வளவுதான். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. டிம்ப்னா சாயக் கையோடு முகத்தை மூடிக்கொண்டு சிரித்து, நெற்றியெல்லாம் பழுப்பானது. மாலக்கி படிக்கட்டில் போய் உட்கார்ந்தான். சிரிக்கிறானா அழுகிறானா என்று பார்க்க முடியாதபடி முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அட்ராக்டா போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். 

டைரக்டர் இதையெல்லாம் நாடகத்தில் வைக்கலாமா என்று கேட்டார். கதை எழுதின பெண் தலையை ஆட்டினாள். "வேணாம் சார், இதை யாரும் நம்ப மாட்டாங்க." நாடகம் வந்தபோது எங்கள் ஊர் ஆட்களில் கன்செப்டாவின் கை மட்டும் ஒரு நொடி தெரிந்தது. அதற்கே அவள் புதுக் கோட்டு வாங்கினாள்.

மாலக்கி இப்போது வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டான். ஞாயிறு ராத்திரி மூன்று பேரும் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். அவர்கள் வீட்டிலேயே பெரிய டிவி இருக்கிறது, இருந்தாலும் வருகிறார்கள். சுவர் ஏறிக் குதிக்க முடிவதில்லை, சுற்றித்தான் வருகிறார்கள். அதே சோபாவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, "இவன்தான்", "உனக்கென்னடா தெரியும்" என்று சண்டை போடுகிறார்கள். நான் நாடகத்தைப் பார்ப்பதில்லை, அவர்களைத்தான் பார்க்கிறேன்.

இன்று காலை அட்ராக்டா பேத்தியைப் பார்க்க வந்தாள். மாலக்கி பின்னாலேயே வந்து, டீ ஆறிப்போய்விட்டது என்று வாசலிலிருந்தே கத்திவிட்டுப் போனான். ஓர்லா கட்டிலில் சாய்ந்தபடி, "போதும் சாமி, இந்த ஒண்ணோட நிறுத்திக்கிறேன்" என்றாள். அட்ராக்டா குழந்தையின் மூக்கைத் தடவினாள். என் மூக்கு என்று அவள்கூட ஒத்துக்கொள்ளவில்லை. ஓர்லாவைப் பார்த்துச் சொன்னாள்:

"அப்படிச் சொல்லாதடி. இன்னொண்ணு பெத்துக்கோ. நாளைக்கு இவளுக்காகப் பொய் சத்தியம் பண்ண ஒரு ஆள் வேணாமா?"