நரிக்கோயில் சீட்டு

எழுபதுகளின் நடுவில், அபுதாபி பக்கம் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்று கட்டிக்கொண்டிருந்தோம். கம்பெனி ஜப்பான்காரர்களுடையது. நான் ஸ்டோர்கீப்பர்.

எங்கள் ஜப்பானிய என்ஜினீயர் புதுவருட லீவு முடிந்து வந்தபோது, அவர் ஊர்க் கோயிலிலிருந்து ஆளுக்கொரு மடித்த சீட்டு கொண்டுவந்தார். சிவப்பு வாசல், காவலுக்குக் கல் நரிகள் இருக்கும் கோயிலாம். விளைச்சலுக்கும் வியாபாரத்துக்கும் அதிர்ஷ்டம் தருகிற சாமி. வருடம் பிறந்ததும் பெட்டிக்கடைக்காரர் முதல் பெரிய முதலாளி வரை அங்கே வரிசையில் நிற்பார்களாம். நம்மூரில் பூக்கட்டிப் பார்ப்பதுபோல் அவர்களுக்குச் சீட்டு.

மற்றவர்களுக்கெல்லாம் நல்லதாகவே வந்தது. என் சீட்டைப் படித்துவிட்டு என்ஜினீயர் தயங்கினார்.

"பிரசவம் பத்தி ஏதாவது போட்டிருக்கா சார்?"

"இருக்கு. கஷ்டம்னு போட்டிருக்கு."

ஊரில் என் மனைவிக்கு ஆறாவது மாதம். முதல் பிள்ளை தங்கவில்லை.

கெட்ட சீட்டு வந்தால் கோயிலிலேயே கயிற்றில் கட்டிவிட்டு வந்துவிட வேண்டுமாம்; கெட்டது அங்கேயே நின்றுவிடுமாம். பிரிக்காமல் கொண்டுவந்தது தன் தப்பு என்றார்.

"அப்ப எதுக்கு சார் இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தீங்க?" என்று கத்திவிட்டேன். அவர் சீட்டைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அடுத்த முறை போகும்போது தானே கட்டிவிடுவதாகச் சொன்னார்.

மார்ச்சில் அவர் அம்மாவுக்கு முடியவில்லை என்று தந்தி வந்து, அவசரமாகக் கிளம்பினார். அந்த அம்மாவைவிட என் சீட்டுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரலில் எனக்கும் தந்தி வந்தது. பெண் குழந்தை, இருவரும் நலம். கேம்ப் முழுக்க லட்டு கொடுத்தேன். மறுநாள் என்ஜினீயர் திரும்பினார். லட்டோடு ஓடிப்போய் முதலில் கேட்டதே, "கட்டிட்டீங்களா சார்?"

அவர் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்துக் காட்டினார். ஓரமெல்லாம் நைந்திருந்தது.

"அம்மா இறந்துட்டாங்க. சாவு விழுந்த வீட்டு ஆள் கொஞ்ச நாள் கோயிலுக்குப் போகக்கூடாது. லீவும் முடிஞ்சிருச்சு. மன்னிச்சிடு."

"எங்க ஊர்லயும் அப்படித்தான் சார்," என்றேன். சீட்டுக்காகக் கையை நீட்டினேன். "குடுங்க சார். அது என்னோடது."

அவர் தரவில்லை. திரும்ப மடித்துத் தன் பையிலேயே வைத்துக்கொண்டார். பிறகு லட்டை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு, "குழந்தை நல்லா இருக்கா?" என்று கேட்டார்.