மஞ்சள் வயரைப் பிடுங்கிய மத்தியானம்

டிவி ஸ்டாண்டுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் நுழையும் உடம்பு எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான் இருந்தது. அதனால் மூன்றாம் வகுப்பிலேயே அந்த இலாகா என் வசம் வந்துவிட்டது. மொட்டை மாடியிலிருந்து இறங்கும் கறுப்பு வயர் தடியாக இருக்கும், முனையில் ஊசி போல ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். சானல்கள் அத்தனையும் அதில்தான் வரும். தட்டை வயரில் கண்ணாடி மாதிரி சின்ன கிளிப் இருந்தால் அது டெலிபோனுடையது. சிடி பிளேயருக்கு மூன்று முனைகள்: மஞ்சளில் படம், வெள்ளையிலும் சிவப்பிலும் சத்தம். இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்து, முன்னாலிருந்து எழும் கூச்சலை வைத்து நானே கண்டுபிடித்தது.

என் சுண்டுவிரல் கனம்கூட இல்லாத அந்த மஞ்சள் வயருக்குள் ஒரு கல்யாண மண்டபமே, வாசல் வாழைமரமும் ஆயிரம் சனமுமாக, எப்படி அடங்குகிறது என்று நினைத்தால் எனக்கு மெய்சிலிர்க்கும். அது அத்தையின் கல்யாணம். அத்தை அப்பாவின் தங்கை. வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கெல்லாம் காப்பியோடு அந்த சிடியையும் கொடுப்போம். எனக்கு அது மனப்பாடம்.

கல்யாணமான மறு வருஷம் அப்பாரு, அதாவது அப்பாவைப் பெற்றவர், தவறிப்போனார். அதற்குப் பிறகு ஒருநாள் அத்தை ஒரு சூட்கேஸோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். மாமா கூட வரவில்லை. எப்போது வருவார் என்று கேட்டால் அம்மா என்னைக் கடைக்கு அனுப்பிவிடுவாள். "இனி அந்தக் கருமத்த இந்த ஊட்டுல போட்டா ஒடைச்சுப்போடுவேன்" என்று அப்பா சிடியைக் காட்டிச் சொல்லிவிட்டார். அவர் சொன்னால் செய்கிற ஆள்.

அன்று மத்தியானம் அப்பா கொப்பரைக் களத்துக்குப் போயிருந்தார். அத்தை சிடியை மடியில் வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மணி, படம் வராம சத்தம் மட்டும் வர்ற மாதிரி பண்ண முடியுமா?"

உலகமே படம் வரவில்லை என்றுதான் என்னைக் கூப்பிடும். இப்படி ஒரு வேலை அதுவரை வந்ததே இல்லை. சந்தில் நுழைந்து மஞ்சளைப் பிடுங்கினேன். டிவி கறுத்துப்போனது. பாட்டு மட்டும் கேட்டது. வீடியோக்காரர் சிடி முழுக்க சினிமாப் பாட்டை ஒட்டிவிட்டிருந்தார். பந்தியில் மட்டும் எப்படியோ மறந்துவிட்டார். அந்த இடம் வந்ததும் அப்பாரு பேசினார்.

"ஏனுங்க, கூச்சப்படாம சாப்புடுங்க. பருப்புக்கு நெய் ஊத்துனாங்களா?"

படத்தோடு எத்தனையோ தரம் கேட்டதுதான். படம் இல்லாமல் கேட்டபோது அவர் அடுத்த அறையில் நிற்பது போலவே இருந்தது. அவர் குரல் வேறு எதிலும் பதிவாகவில்லை. வெள்ளை வயரையும் சிவப்பு வயரையும் விரலால் தொட்டுப் பார்த்தேன். செத்துப்போனவர் இதற்குள் போய்க்கொண்டிருக்கிறார், விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. பயமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

அப்பா எப்போது வந்தார் என்று தெரியவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக பிளேயரிடம் வந்தார். சிடி இன்றோடு தொலைந்தது என்று நினைத்தேன். பொத்தானில் கை வைத்தவர், அப்பாருவின் குரல் மறுபடி வந்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"பெரியவன் எங்க? விடிஞ்சதுல இருந்து பச்சத்தண்ணி பல்லுல படல அவனுக்கு. ஆராச்சும் கூப்புட்டு ஒரு எலையப் போடுங்க."

பெரியவன் என்றால் அப்பா. கையை எடுத்துக்கொண்டு, அத்தைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். செருப்பு காலிலேயே இருந்தது.

அவரைச் சந்தோஷப்படுத்த இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று எனக்குப் பட்டது. மஞ்சள் முனையைத் தூக்கிக் காட்டி, "இதச் சொருகுனா படமும் வருமுங்கப்பா" என்றேன்.

"வேண்டாங் கண்ணு" என்றார்கள் இருவரும்.

கொஞ்சம் கழித்து அப்பா, "பந்தி ஆரம்பத்துல இருந்து இன்னொருக்கா போடு" என்றார்.

போட்டேன். கறுத்த டிவியை இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. அப்பாரு பேசுகிற அந்த இடத்தில்தான் மாமா தன் இலையிலிருந்து ஜிலேபியைப் பிய்த்து அத்தைக்கு ஊட்டிவிடுவார். அத்தை அப்படிச் சிரிப்பாள். சிடியிலேயே அழகான இடம் அதுதான். இதைப் போய்ப் பார்க்காமல் விடுகிறார்களே என்று, மஞ்சள் முனையைக் கையில் பிடித்துக்கொண்டு, அவர்களுக்காக நான் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.